ஹோ சி மின் கேட்டது ஒரு வருஷ வரித் தள்ளுபடி

தேசத் தந்தை என்றதும் நமக்கு என்ன ஞாபகத்துக்கு வருகிறது? நாற்சந்தியில் நிற்கும் சிலை. சர்க்கார் ஆபீஸ் சுவரில் காய்ந்த மாலையோடு தொங்கும் படம். ரூபாய் நோட்டு. வருஷத்துக்கு ஒரு முறை மந்திரிகள் வந்து மலர் தூவுவார்கள். அன்றைக்கு மில்லுக்கு லீவு உண்டா, சம்பளத்தோடு லீவா என்பதுதான் தொழிலாளியின் கேள்வி. அந்த மனிதர் என்ன சொன்னார், யாருக்காகச் சொன்னார், சொன்னது நடந்ததா என்று எவரும் கேட்பதில்லை. கேட்காமல் இருக்கட்டும் என்றுதான் சிலை வைக்கிறார்களோ என்றுகூடச் சில சமயம் தோன்றுகிறது.

வியத்நாமின் தேசத் தந்தை ஹோ சி மின் தமக்குச் சிலை வேண்டாமென்று எழுதி வைத்தார். கல்லறையும் வேண்டாம் என்றார். விவசாயிகளுக்காக ஒன்று கேட்டார். போரில் முழு வெற்றி கிடைத்த பிறகு, கூட்டுறவுப் பண்ணை விவசாயிகளுக்கு ஒரு வருஷத்துக்கு விவசாய வரியைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்பதே அது. 1968-ல் அவர் கைப்பட எழுதிய அந்த வரிகளை அந்நாட்டு ஜனங்கள் 1989-ல்தான் படிக்க முடிந்தது. இருபத்தோரு வருஷம் அவை பெட்டிக்குள் கிடந்தன. பெட்டியைப் பூட்டியவன் பிரெஞ்சுக்காரன் அல்ல, அமெரிக்கக்காரனும் அல்ல, அவருடைய தோழர்களே. ஆகவே இதைப் பற்றிப் பேச வேண்டியவர்களும் நாம்தான். எதிரி பேசட்டும், பிறகு பதில் சொல்லலாம் என்று காத்திருப்பது கம்யூனிஸ்டுக்கு அழகல்ல.

முதலில் அவர் பெயரைச் சரி செய்து கொள்வோம். அங்கே ஜனங்கள் அவரை 'பாக் ஹோ' என்பார்கள். 'பாக்' என்றால் அப்பாவுக்கு மூத்தவர். ஆங்கிலக்காரனுக்குப் பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லோருக்கும் ஒரே சொல்தான். அவன் பத்திரிகையைப் பார்த்து நாமும் 'மாமா ஹோ' என்று எழுதிப் பழகி விட்டோம். தமிழில் சரியாகச் சொன்னால் பெரியப்பா ஹோ. மாமன் சீர் கொண்டு வருவான், விருந்தாடி விட்டுப் போவான். பெரியப்பா அப்படியல்ல, வீட்டுக் கடனிலும் அவருக்குப் பங்குண்டு. இந்த வித்தியாசம் பின்னால் நமக்குத் தேவைப்படும்.

உப்புக்கு வரி, தலைக்கு வரி

அவர் 1890-ல் மத்திய வியத்நாமில் நகே ஆன் மாகாணத்தில் பிறந்தார். வறண்ட பூமி. புயலும் வெள்ளமும் பஞ்சமும் மாறி மாறி வரும் பிரதேசம். தகப்பனார் படித்தவர், சிறிது காலம் உத்தியோகம் பார்த்துப் பதவி இழந்தவர்.

பிரெஞ்சு ஆட்சி அந்த ஜனங்களை எப்படிப் பிழிந்தது என்பதை நம்மவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. உப்பு, சாராயம், அபின் மூன்றும் சர்க்காரின் ஏகபோகம். கடலோரத்தில் உப்புக் காய்ச்சுகிறவன் தன் உப்பைச் சர்க்காருக்கு விற்றுவிட்டு, அதையே பல மடங்கு விலைக்குத் திரும்ப வாங்க வேண்டும். கிராமம் இவ்வளவு சாராயம் வாங்கியே தீர வேண்டும் என்று கணக்கு வைத்துத் திணித்தார்கள். உயிரோடிருப்பதற்குத் தலைவரி. 1908-ல் வரியைக் குறைக்கக் கேட்டு ஹியூ நகரத்துக்கு விவசாயிகள் திரண்டு வந்தபோது, பள்ளி மாணவனாக இருந்த அந்தப் பையனும் கூட்டத்தில் போய் நின்றான். வரி என்ற சொல் அவர் வாழ்க்கையில் நுழைந்தது அப்பொழுதுதான். கடைசி வரை அது விடவில்லை.

இதிலே தமிழனுக்கும் ஒரு பங்கு உண்டு. சொல்லாமல் போவது நேர்மையாகாது. சைகோன் வட்டாரத்தில் வட்டிக்கடை வைத்திருந்தவர்களில் நம் செட்டிநாட்டு லேவாதேவிக்காரர்கள் முக்கியமானவர்கள். 1930-க்குப் பிறகு நெல் விலை சரிந்தபோது, ஈடு வைத்த நிலங்கள் கடனுக்காகக் கை மாறின. புதுச்சேரி, காரைக்காலிலிருந்து போன தமிழர்கள் பிரெஞ்சுப் பிரஜைகள் என்ற அந்தஸ்தோடு வரி வசூலிலும் போலீசிலும் குமாஸ்தா வேலையிலும் உட்கார்ந்தார்கள். வியத்நாம் குடியானவனுக்குத் தமிழன் முதலில் அறிமுகமானது தோழனாக அல்ல. அதே காலத்தில் சிலோன் தேயிலைத் தோட்டத்திலும் மலாயா ரப்பர் தோட்டத்திலும் கங்காணியின் கம்புக்கு அடியில் நின்றவனும் தமிழன்தான். தேசம் பார்த்து அல்ல, வர்க்கம் பார்த்துத்தான் பேச வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

1911 ஜூனில் சைகோன் துறைமுகத்திலிருந்து ஒரு பிரெஞ்சுக் கப்பலில் சமையற்கட்டு எடுபிடியாக ஏறினார். கரி அள்ளி, காய் நறுக்கி, பாத்திரம் தேய்த்துத்தான் உலகத்தைப் பார்த்தார். லண்டனில் ஹோட்டல் வேலை. பாரிசில் போட்டோப் படங்களுக்கு மெருகேற்றும் வேலை. 1919-ல் முதல் உலக யுத்தம் முடிந்து, வெற்றி பெற்ற வல்லரசுகள் வெர்சேல்ஸில் கூடியபோது, 'நுயென் ஆய் குவோக்' என்ற பெயரில் எட்டுக் கோரிக்கைகள் கொண்ட மனுவைக் கொடுத்தார். அதில் சுதந்திரம்கூடக் கேட்கவில்லை. சட்டத்தின் முன் சமத்துவம், பத்திரிகைச் சுதந்திரம், இப்படி எளிய விஷயங்கள். ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லை. மறு வருஷம் காலனி நாடுகளைப் பற்றிய லெனினுடைய கருத்துரை ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையில் வந்தது. அதைப் படித்தார். 1920 டிசம்பரில் தூர் நகரில் பிரெஞ்சு சோஷலிஸ்டுகளின் மகாநாடு நடந்தபோது, மூன்றாவது அகிலத்தின் பக்கம் ஓட்டுப் போட்டு, பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் கட்சியை அமைத்தவர்களில் ஒருவரானார்.

அதற்கப்புறம் மாஸ்கோ, காண்டன், சயாம், ஹாங்காங். 1930 பிப்ரவரியில் ஹாங்காங்கில் சிதறிக் கிடந்த குழுக்களை ஒன்று சேர்த்துக் கட்சியை நிறுவினார். அந்த வருஷமே பூ ரியெங் ரப்பர் தோட்டத்தில் வேலைநிறுத்தம். அது மிஷெலின் டயர் கம்பெனியின் தோட்டம். நாம் தின் பஞ்சாலையில் வேலைநிறுத்தம். அவர் பிறந்த மாகாணத்தில் விவசாயிகள் எழுந்து கிராமங்களில் தங்கள் சோவியத்துகளை அமைத்தார்கள். 1930 செப்டம்பர் 12-ந் தேதி நடந்து வந்த விவசாயிகள்மேல் பிரெஞ்சு விமானங்கள் குண்டு போட்டன. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் ஒரே நாளில் மாண்டார்கள். 1931-ல் அவரை ஹாங்காங்கில் பிரிட்டிஷ் போலீஸ் பிடித்தது. ஒரு நல்ல வக்கீல் வாதாடியதால் உயிர் பிழைத்தார். மறுபடியும் மாஸ்கோ, மறுபடியும் சீனா.

முப்பது வருஷம் கழித்து, 1941 ஜனவரி கடைசியில், சீன எல்லையைத் தாண்டித் தாய்நாட்டுக்குள் கால் வைத்தார். பாக் போ என்ற இடத்தில் ஒரு குகை. கீழே ஓடிய ஓடைக்கு லெனின் என்று பெயர் வைத்தார், மேலே நின்ற மலைக்கு மார்க்ஸ் என்று பெயர் வைத்தார். வியத்மின் அங்கேதான் பிறந்தது.

நெல் கிடங்கு

வியத்மின் எப்படி ஜெயித்தது? துப்பாக்கியால் என்று சொல்வார்கள். 1945-ல் அவர்களிடம் எத்தனை துப்பாக்கி இருந்தது? கொஞ்சம். நெல்லால் ஜெயித்தது என்பதே என் அபிப்பிராயம்.

1944 கடைசியிலும் 1945 தொடக்கத்திலும் வடக்கு வியத்நாமில் பயங்கரப் பஞ்சம். ஜப்பானியப் பட்டாளம் நெல்லைப் பிடுங்கியது. பிரெஞ்சு நிர்வாகம் கட்டாயக் கொள்முதல் செய்து கிடங்குகளை நிரப்பியது. நெல் விளைந்த வயலில் சணல் போடச் சொன்னார்கள். தெற்கே அரிசி இருந்தது. அமெரிக்கக் குண்டுவீச்சில் ரயிலும் கப்பலும் ஓடாததால் வடக்கே வரவில்லை. வெள்ளமும் சேர்ந்து கொண்டது. செத்தவர்கள் 10 லட்சம் என்போர் உண்டு. சுதந்திரப் பிரகடனம் 20 லட்சத்துக்கும் மேல் என்றது. வங்காளத்தில் 1943-ல் நடந்ததைக் கேள்விப்பட்டவர்களுக்கு இது புதிதல்ல. கிடங்கில் நெல் இருந்தது, தெருவில் பிணம் கிடந்தது.

வியத்மின் என்ன செய்தது? பொறுமையாயிருங்கள், சுதந்திரம் வந்ததும் சோறு வரும் என்று பிரசங்கம் செய்யவில்லை. கிடங்கை உடையுங்கள் என்றது. ஊர் ஊராக ஜனங்கள் கூடிக் கூடையும் கோணியுமாகப் போய்க் கிடங்குகளைத் திறந்தார்கள். தன் கையால் கிடங்கைத் திறந்த குடியானவனுக்கு ராஜ்யம் என்றால் என்ன என்று பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. 19-ந் தேதி ஹனாய் ஜனங்களின் கையில். 30-ந் தேதி சக்கரவர்த்தி முடி துறந்தார். செப்டம்பர் 2-ந் தேதி பா தின் மைதானத்தில் ஹோ சி மின் சுதந்திரப் பிரகடனத்தை வாசித்தார்.

மறுநாள், செப்டம்பர் 3-ந் தேதி, மந்திரிசபை முதன் முறையாகக் கூடியது. அந்தக் கூட்டத்தின் அஜெண்டாவைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். முதல் விஷயம் பஞ்சம். இரண்டாவது எழுத்தறிவின்மை. அப்புறம்தான் தேர்தல். அப்புறம் தலைவரியையும் சந்தை வரியையும் ஓடத்துறை வரியையும் ரத்து செய்வது, அபினைத் தடை செய்வது. கொடி எப்படி, கீதம் எப்படி, ஜனாதிபதிக்கு எத்தனை பீரங்கி முழக்கம் என்ற பேச்சுகள் அங்கே முதல் இடத்தில் இல்லை.

பஞ்சத்துக்கு அவர் சொன்ன யோசனை எளிமையானது. பத்து நாளைக்கு ஒரு வேளை எல்லோரும் பட்டினி இருப்போம். மாதம் மூன்று வேளை. அந்த அரிசியைச் சேர்த்து இல்லாதவர்களுக்குக் கொடுப்போம். தாமே முதலில் தொடங்கினார். உபவாசத்தால் பஞ்சம் தீருமா என்று கேலி செய்பவர்கள் இருக்கலாம். உபவாசம் மட்டும் என்றால் தீராதுதான். சாராயத்துக்கு அரிசி போகாமல் தடுத்தார்கள். ஆற்றங்கரை மேட்டிலும் காலி மனையிலும் கிழங்கும் சோளமும் போட்டார்கள். உடைந்த கரைகளை ஜனங்களே மண் சுமந்து கட்டினார்கள். அடுத்த பயிர் வரை நாடு தாங்கியது. எழுதப் படிக்கத் தெரியாதவர் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இருந்த நாட்டில், 1946 முடிவதற்குள் 25 லட்சம் பேர் எழுத்துக் கற்றதாக அந்தச் சர்க்கார் கணக்குச் சொன்னது. பெரிய கட்டடம் ஏதும் கட்டவில்லை. மாட்டுக் கொட்டகையில், மர நிழலில், தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்லிக் கொடுத்தான்.

இந்தச் சர்க்காரை நசுக்க அதே மாதத்தில் சைகோனில் வந்து இறங்கிய பட்டாளம் எது தெரியுமா? பிரிட்டிஷ் தளபதி கிரேசியின் கீழே இருந்த 20-வது இந்திய டிவிஷன்! சொந்த நாட்டில் அடிமை, அடுத்த நாட்டை அடிமையாக்கத் துப்பாக்கி தூக்கினான். கிரேசி பிரெஞ்சுக்காரர்களுக்கு மறுபடி ஆயுதம் கொடுத்தார். சரணடைந்த ஜப்பானியச் சிப்பாய்களையும் வியத்நாமியர்மேல் ஏவினார். இந்திய சிப்பாயை இந்தக் காரியத்துக்கு உபயோகிப்பதை நேருவும் கண்டித்தார். பிரெஞ்சுக்காரன் இப்படி இந்தியச் சிப்பாயின் முதுகில் ஏறித்தான் திரும்பி வந்தான்.

பின்னால் நடந்த யுத்தத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். அது எல்லோருக்கும் தெரிந்த கதை. 1946-ல் சமாதானம் பேச அவரே பிரான்சுக்குப் போனார், மாதக்கணக்கில் இருந்தார். நவம்பரில் பிரெஞ்சுக் கப்பல்கள் ஹைபோங்கைச் சுட்டுப் பொசுக்கின. எட்டு வருஷம் சண்டை. 1954-ல் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் பட்டாளம் சரணடைந்தது. அங்கே இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட ஆணும் பெண்ணும் மலைமேல் சுமை தூக்கினார்கள். 20,000-க்கு மேற்பட்ட சைக்கிள்களில் அரிசி மூட்டையும் குண்டும் ஏற்றித் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் நிலமற்றவர்கள், குத்தகைக்காரர்கள். 1953 டிசம்பரில் நிலச் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறிய சேதி அவர்களுக்கு எட்டியிருந்தது. சுமந்தது தேசத்துக்காகவும்தான், ஒரு துண்டு நிலத்துக்காகவும்தான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நிலமும் ரத்தமும்

இனிச் சொல்லப் போவது கசப்பான விஷயம்.

நிலச் சீர்திருத்தத்தில் 8 லட்சம் ஹெக்டேருக்கு மேல் நிலம் 20 லட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. குடும்பத்துக்கு ஏறக்குறைய ஒரு ஏக்கர். பண்ணையின் வாசலில் கை கட்டி நின்று கலம் நெல்லுக்குக் கெஞ்சியவனுக்கு அந்த ஒரு ஏக்கர் என்ன என்பது தஞ்சை ஜில்லாக்காரனுக்குத் தெரியும். நூற்றாண்டுகளாக அசையாதிருந்த ஒன்றை மூன்று வருஷத்தில் அசைத்தார்கள். நம் நாட்டில் சட்டசபைகள் உச்சவரம்புச் சட்டம் போட்டு, பினாமிக்கு வழி விட்டு, கோர்ட்டுக்கு வழி விட்டு, கடைசியில் ஏழைக்குக் கிடைத்தது எவ்வளவு? ஆகவே வியத்நாமில் நிலம் பிரித்தது தவறு என்று சொல்ல வருகிற கனதனவான்களோடு எனக்குப் பேச்சு இல்லை.

பிரித்த முறை வேறு விஷயம். வெளியிலிருந்து வந்த கோஷ்டிகள் கிராமத்துக்குள் புகுந்தன. ஒவ்வொரு கிராமத்திலும் இத்தனை சதவிகிதம் நிலப்பிரபுக்கள் இருந்தே தீர வேண்டும் என்ற கணக்கோடு வந்தார்கள். கணக்குக்கு ஆள் போதாவிட்டால்? இரண்டு மாடு வைத்திருந்தவனும் ஒரு கூலியாள் வைத்திருந்தவனும் நிலப்பிரபு ஆனார்கள். பழைய பகையைத் தீர்த்துக்கொள்ள விரும்பியவன் சாட்சி சொன்னான். ஊர்க் கூட்டமே கோர்ட். அன்றே தீர்ப்பு, அன்றே தண்டனை. வெள்ளைக்காரனை எதிர்த்துக் காட்டில் கிடந்த கட்சித் தோழர்களையே துரோகிகள் என்று பிடித்தார்கள். கிராமக் கட்சிக் கிளைகளே சிதறிப் போயின. தாய் நுயென் மாகாணத்தில் நுயென் தி நாம் என்ற அம்மாள் நிலமும் வியாபாரமும் உள்ளவர். விடுதலைப் போருக்குத் தங்கம் கொடுத்தவர், தோழர்களுக்குச் சோறு போட்டவர், பிள்ளைகள் ஜனங்களின் பட்டாளத்தில். 1953-ல் முதலில் சுடப்பட்டவர் அவர்தான். மொத்தம் எத்தனை பேர் மாண்டார்கள் என்பதில் ஏகாதிபத்தியப் பிரசாரகர்கள் வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். அவர்கள் பொய்யைத் தள்ளி விடலாம். ஆயிரக்கணக்கில் என்பதைத் தள்ள முடியாது.

அப்பொழுது ஹோ சி மின் எங்கே இருந்தார்? ஜனாதிபதியாக இருந்தார். 'அவருக்குத் தெரியாது, கீழே உள்ளவர்கள் செய்தார்கள்' என்று சொல்லும் அன்பர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மேஸ்திரி அடித்தால் முதலாளிக்குத் தெரியாது என்று மில் வாசலில் சொல்வதை நாம் எப்பொழுதாவது ஒப்புக்கொண்டிருக்கிறோமா? நம் தலைவர்களுக்கு மட்டும் வேறு தராசா? அந்த அம்மாளைச் சுடக்கூடாது என்பதே அவருடைய எண்ணம் என்று பின்னாளில் அவரோடு இருந்தவர்கள் எழுதினார்கள். எண்ணம் இருந்தால் போதாது, தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை.

அவருக்காகச் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. 1956 ஆகஸ்ட் 18-ந் தேதி விவசாயிகளுக்கும் ஊழியர்களுக்கும் ஒரு கடிதம் எழுதினார். தவறு நடந்தது, திருத்தப்படும் என்று ஜனங்களுக்கு நேராகவே சொன்னார். மத்தியக் கமிட்டி கூடியது. கட்சியின் பொதுக் காரியதரிசி த்ருவோங் சின் பதவியை விட்டு விலகினார். அக்டோபர் 29-ந் தேதி, தியன் பியன் பூவை ஜெயித்த தளபதி கியாப், ஹனாயில் பொதுக் கூட்டத்தில் ஜனங்களுக்கு முன்னால் நின்று, கட்சி செய்த தவறுகளை ஒவ்வொன்றாகப் படித்தார். சிறையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் விடுவிக்கப்பட்டார்கள். தவறாக நிலப்பிரபு என்று எழுதப்பட்டவர்களின் பெயர் திருத்தப்பட்டது. சுடப்பட்டவன் மட்டும் திரும்பி வரவில்லை. கடிதமும் எல்லாவற்றையும் ஆற்றிவிடவில்லை. அந்த நவம்பரிலேயே, அவர் பிறந்த அதே நகே ஆன் மாகாணத்தில், குயின் லூவில் விவசாயிகள் கலகம் செய்தார்கள். அனுப்பப்பட்டது பட்டாளம். 1930-ல் விமானத்தை எதிர்த்து நடந்த அதே மாகாணம்!

உலகத்தில் எத்தனை ஆளும் கட்சிகள், ஜெயித்து மூன்று வருஷத்துக்குள், எவரும் கட்டாயப்படுத்தாமல், மைதானத்தில் மைக் வைத்துத் தன் குற்றத்தைத் தானே படித்தன? காங்கிரஸ் படித்ததா? 1968-ல் கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் குடிசைக்குள் எரிந்தன. மேல் கோர்ட்டில் மிராசுதார்கள் எல்லோரும் விடுதலை. எந்த சர்க்காராவது மைதானத்தில் நின்று இது எங்கள் குற்றம் என்றதா? ஆகவே 1956-ல் ஹனாயில் நடந்ததைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. அது தாமதமாக வந்தது என்பதையும் மறக்கத் தயாராயில்லை. இரண்டையும் ஒரே கையில்தான் பிடித்துக் கொள்ள வேண்டும். பெரியப்பா என்று சொன்னேனே; வீட்டுக் கடன் அவர் கணக்கிலும் எழுதப்படும்.

உயில்

1954-ல் ஹனாய் திரும்பியபோது, பிரெஞ்சு கவர்னர் ஜெனரலின் பிரம்மாண்டமான மாளிகை அவருக்காகக் காத்திருந்தது. அதிலே குடியிருக்க மறுத்துவிட்டார். அந்த வளாகத்தில் மின்சாரப் பணியாளுக்கென்று கட்டிய சின்ன வீட்டில் இருந்தார். 1958-லிருந்து, மரத் தூண்கள்மேல் கட்டிய இரண்டு அறை வீடு. காலில் டயர்ச் செருப்பு. அந்த வருஷம் பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தபோதும் அதே எளிய கோலம்தான். எளிமை பெரிய விஷயமா என்றால், அது மட்டும் பெரிய விஷயமல்ல. கதர் கட்டிய எளிமையெல்லாம் நாம் பார்த்ததுதான். ஆனால் கடைசியில் தம் உடம்பைப் பற்றி அவர் என்ன சொன்னார் என்று பார்த்தால், அந்த எளிமை வேஷம் அல்ல என்று தெரிகிறது.

1965 மே மாதத்தில், எழுபத்தைந்து வயதில், அமெரிக்கக் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தபோது, அவர் உயில் எழுதத் தொடங்கினார். பிறகு வருஷா வருஷம் மே மாதத்தில் எடுத்துத் திருத்துவார். அப்பொழுது கட்சியின் அன்றாடக் கடிவாளம் பெரும்பாலும் லே துவானின் கையில். உயிலில் முதலில் கட்சியைப் பற்றிப் பேசினார்; ஒற்றுமையைப் பற்றி, ஆளும் கட்சி ஜனங்களின் ஊழியனாக இருக்க வேண்டியதைப் பற்றி. தம் உடலை எரித்துவிடச் சொன்னார். காரணமும் சொன்னார்: எரிப்பது சுகாதாரத்துக்கு நல்லது, விவசாய நிலமும் வீணாகாது! தேசத்தின் தந்தை செத்தபின் ஆறடி விளைநிலத்தை எடுத்துக்கொள்ளக் கூச்சப்பட்டார். சாம்பலை மூன்று மண் கலயத்தில் போட்டு வடக்கே ஒன்று, நடுவே ஒன்று, தெற்கே ஒன்று என்று மூன்று குன்றுகளில் புதைக்க வேண்டும். கல்லும் வேண்டாம், வெண்கலச் சிலையும் வேண்டாம். பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு மரம் நட்டால் போதும். காலப்போக்கில் அது காடாகும். 1968-ல் இதையெல்லாம் விரித்து எழுதியபோதுதான் விவசாய வரித் தள்ளுபடியையும் சேர்த்தார். பஞ்சத்திலும் போரிலும் நெல்லைக் கொடுத்தவர்கள் அவர்கள், பிள்ளைகளைக் கொடுத்தவர்களும் அவர்கள். ஜெயித்தபின் ஒரு வருஷம் மூச்சு விடட்டும் என்ற நினைப்பு.

1969 செப்டம்பர் 2-ந் தேதி, சுதந்திர தினத்தன்றே இறந்தார். பண்டிகை நாளில் துக்கம் வேண்டாமென்று 3-ந் தேதி இறந்ததாக அறிவித்தார்கள். 9-ந் தேதி பா தின் மைதானத்தில் லே துவான் உயிலை வாசித்தார். ஆடம்பரச் சடங்கு வேண்டாம், ஜனங்களின் நேரமும் பணமும் வீணாக வேண்டாம் என்ற வரி அதில் இருந்தது. எரிக்கச் சொன்னது அதில் இல்லை. மூன்று கலயம் இல்லை. மரம் இல்லை. வரித் தள்ளுபடி இல்லை. உடலைப் பதப்படுத்தினார்கள். 1973-ல் சமாதி கட்டத் தொடங்கி, 1975 ஆகஸ்டில் அதே மைதானத்தில் கிரானைட் மண்டபம் திறந்தார்கள்.

தெற்கே உள்ள ஜனங்கள் அவர் முகத்தை ஒரு முறையாவது பார்க்க வேண்டுமே, அதற்காகத்தான் உடலைக் காத்தோம் என்று பின்னால் விளக்கினார்கள். அந்த உணர்ச்சியை நான் அலட்சியம் செய்யவில்லை. இருபது வருஷம் பிரிந்து கிடந்த நாட்டில், தெற்கே சண்டை போட்டவன் வடக்கே வந்து அந்தக் கிழவரின் முகத்தைப் பார்த்து அழ விரும்பினால் யார் வேண்டாமென்பார்கள்? ஆனால் உயிலிலிருந்து வரிகளை எடுத்ததற்கு அது காரணமாகுமா? எரிக்கச் சொன்னார், நாங்கள் எரிக்கவில்லை, காரணம் இது என்று 1969-லேயே சொல்லியிருக்கலாம். ஜனங்கள் புரிந்துகொண்டிருப்பார்கள். 1956-ல் மைதானத்தில் தவறைப் படித்த கட்சிதானே அது! வரியைத் தள்ளுபடி செய்யப் பணமில்லை என்றால் அதையும் சொல்லியிருக்கலாம். குண்டு விழுந்து பாழான நாடு, சுற்றிலும் பகை, பணமில்லைதான். ஆனால் கேட்டவர் கேட்டார் என்பதையே மறைத்தது ஏன்? கேட்டது தெரிந்தால் விவசாயி கணக்குக் கேட்பான் என்ற பயம்தான் என்று நான் சொல்வேன். விவசாயி கணக்குக் கேட்பதைக் கண்டு பயப்படுவது நம் கட்சிக்காரன் செய்கிற வேலை அல்ல.

லெனின் இறந்தபோதும் இதுவே நடந்தது. 1924 ஜனவரியில் அவருடைய மனைவி க்ரூப்ஸ்கயா பத்திரிகையில் பகிரங்கமாகக் கேட்டுக் கொண்டார்: அவருக்கு நினைவுச் சின்னமும் மண்டபமும் வேண்டாம், குழந்தைகள் காப்பகம் கட்டுங்கள், பள்ளிக்கூடம் கட்டுங்கள் என்று. மண்டபம்தான் கட்டப்பட்டது.

1989-ல், ஹோவின் மரணத்துக்கு இருபது வருஷம் கழித்து, கட்சியின் அரசியல் குழுவே உயிலின் மூலப் பிரதிகளை வெளியிட்டது. இறந்த தேதி 2-தான் என்றும் அப்பொழுதே ஒப்புக்கொண்டது. ஜனங்கள் அவர் கையெழுத்திலேயே எல்லாவற்றையும் படித்தார்கள். அடித்த இடங்கள், ஓரத்தில் சேர்த்த வரிகள், சிவப்பு மையில் திருத்தியவை, எல்லாம் அதில் இருந்தன. முந்தின வருஷம்தான் வடக்கே பல மாகாணங்களில் கடும் உணவுப் பஞ்சம். அதே வருஷம்தான் கூட்டுப் பண்ணை நிலத்தை விவசாயக் குடும்பங்கள் பொறுப்பெடுத்துப் பயிர் செய்ய விட்டார்கள். வெளியிட்ட 1989-ம் வருஷத்திலோ வியத்நாம் பெருமளவில் அரிசி ஏற்றுமதி செய்யத் தொடங்கியது. 1945-ல் கிடங்கை உடைத்தவனின் மகன் விளைவித்த நெல் அது. தன் வீட்டுக்கு ஒரு வருஷ வரித் தள்ளுபடியைப் பெரியப்பா கேட்டிருந்தார் என்பது அவனுக்கு அந்த வருஷம்தான் தெரிய வந்தது.